இசக்கிமுத்து பெயரில் ஒரு மூச்சு

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தடவைதான் ஊதினோமா, இல்லை இரண்டு தடவை ஊதினோமா? நாலு நாளாக இதே கேள்விதான். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்து, ஆடிவிடாமல் இருக்க வலது காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, தேவசகாயம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சனிக்கிழமை, மணி பத்தேகால். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே மேனேஜர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கம்பெனி மேனேஜருக்கு எங்கே போனாலும் சிரிக்கத் தெரியும். காலையில் போனில்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், “தேவசகாயம், நீரு ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். இசக்கிமுத்து ஊதினான், நான் பாத்தேன், சைபர். அம்புட்டுத்தான்.” அம்புட்டுத்தான். ஆனால் அது எந்தக் காலை? இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவனுக்கு எல்லாக் காலையும் ஒன்றுதான். ஐந்து மணிக்கு ஷெட், டியூப்லைட் வெளிச்சம், டீசல் வாடை, கம்பி ஜன்னலுக்குப் பின்னால் டைம்கீப்பர் பிச்சையாவின் வழுக்கை. ஓட்டுகிறவன் குடித்திருக்கிறானா என்று பார்க்கிற மெஷின் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பிச்சையா பெயரை வாசிப்பார், காகித உறையில் போட்ட வெள்ளைக் குழல் ஒன்றைத் தள்ளிவிடுவார், குழலை மெஷினில் மாட்டி ஊத வேண்டும், ஒரு துண்டுச்சீட்டு அச்சாகி வரும். ஊதி முடித்ததும் குழலை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற வாளியில் போட்டுவிட வேண்டும். பிச்சையா தலையைத் தூக்கவே மாட்டார். மெஷினுக்குள் வாய் போனால் சரி, யார் வாய் என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பெயரை நோட்டில் எழுதி, சீட்டை ஒட்டி, அடுத்த பெயர். இசக்கிமுத்து, சைபர். தேவசகாயம், சைபர். அந்த இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில் இருப்பதால்தான் இன்றைக்கு இவரைச் சாட்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டைப் பையில் என்னவோ நெஞ்சில் உறுத்தியது. பேனா மூடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கால் மாற்றி உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

முதல் தடவை இசக்கிமுத்து கேட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள். கண் சிவந்து, வாயில் கொய்யா இலையைப் போட்டு ஆடு மாதிரி மென்றுகொண்டு வந்தான். மெஷினுக்கு மூக்கு இல்லை, இலைவாசம் அதை ஏமாற்றாது என்று இவர்தான் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. “அப்ப பாஸ்டரே, எனக்கும் சேத்து நீரே ஒரு ஊது ஊதிரும்” என்றான். பாஸ்டர் என்பது ஷெட்டில் இவருக்கு வைத்த பட்டப்பெயர். பீடி இல்லை, வெற்றிலை இல்லை, பாட்டிலைக் கையால் தொட்டதில்லை. “பாஸ்டர் மூச்சு பரிசுத்த மூச்சுல்லா, மெஷினே தோத்திரம் சொல்லும்” என்று செக்கர்கூடக் கேலி பேசுவார். அந்தக் கேலியில் இவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்வானேன். அன்றைக்கு ஏன் ஊதினார்? ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். தனியார் பஸ்ஸில் ஞாயிறு லீவு யாருக்குக் கிடைக்கும்? பதினெட்டு வருஷம் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டியவர். இசக்கிமுத்து வந்த பிறகுதான், அவனாகவே, “ஞாயித்துக்கிழமை ஒம்ம டிரிப்பை நான் பாத்துக்கிடுதேன், நீரு போய் சாமி கும்பிடும்” என்றான். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அவனுக்குக் காய்ச்சல் அடித்த ஞாயிறும் வந்தான். மனைவி ரூத் வெள்ளைப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்து வர, கையில் வேதப்புத்தகத்தோடு இவர் கோயிலுக்குப் போன ஞாயிறு எல்லாம் அவன் தந்தது. அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், ஒரு மூச்சு. மூச்சு என்ன குறைந்தா போகிறது என்று அப்போது தோன்றியது. மூச்சு கர்த்தர் கொடுத்தது, அதைக் கொண்டு அவரைத் துதிக்க வேண்டும் என்று ஆராதனையில் சொல்கிறபோது மட்டும் இவர் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் ரூத் அதை பக்தி என்று நினைத்துக்கொள்வாள்.

சரி, செவ்வாய்க்கிழமை. திங்கள் ராத்திரி இருமலுக்கு ரூத் நல்லமிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தது தொண்டையில் எரிந்துகொண்டே இருந்தது. காலையில் ஊதுகிறபோது மூச்சு பாதியில் நின்று மெஷின் கீச்சென்று கத்தியது. “மூச்சு பத்தல, திரும்ப ஊதும்” என்று பிச்சையா நோட்டைப் பார்த்தபடியே சொன்னார். அப்படியானால் அது இரண்டாவது மூச்சு. முதல் மூச்சை இசக்கிமுத்து பெயருக்குக் கொடுத்துவிட்டதால்தான் சொந்தப் பெயருக்குப் போதாமல் போனது. ஆனால் இருமலுக்கு மூச்சு நிற்காதா? நிற்கும். கஷாயம் ஞாயிற்றுக்கிழமையும் போட்டாளே, இல்லை அது சுக்குக் காப்பியா? ஞாயிறு என்றால் திங்கள் காலையில் கத்தியிருக்கும் மெஷின். ரூத்திடம் கேட்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பாள். இருபது வருஷத்தில் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான், அதுவும் அவள் பெருமைப்படுகிற விஷயத்துக்கு அடியிலேயே பதுங்கிக் கிடக்கிறது. இசக்கிமுத்து அன்றைக்கு ஜன்னலுக்கு எந்தப் பக்கம் நின்றான்? இடது பக்கம் நின்றால் அவனே ஊதினான், இவர் பின்னால் நின்று தோளில் கை போட்டுக்கொண்டு குனிந்தால் இவர் ஊதினார். தோளின் சூடு கைக்கு ஞாபகம் இருக்கிறது, கிழமைதான் இல்லை. வண்டிப் படியில் ஒரு நாய் ஏறிப் படுத்திருந்தது, அதை இசக்கிமுத்து “எறங்குங்க அண்ணாச்சி, டிக்கெட் எடுக்கல” என்று விரட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். அது செவ்வாய். இல்லை, போன வாரம். சிரித்தபோது அவன் வாயில் கொய்யா இலை இருந்ததா? பச்சையாக என்னவோ இருந்தது. பல்லில் கீரைகூட ஒட்டியிருக்கலாம். அட, ஊதியே இருந்தாலும்தான் என்ன? சில நாள் குடிக்காமலே, எதுக்கும் இருக்கட்டும் என்று ஊதச் சொல்வான். ஊதினார் என்பதால் அவன் குடித்திருந்தான் என்று ஆகிவிடுமா? குடித்தவன் எப்படி இருப்பான், எவ்வளவு குடித்தால் எவ்வளவு கை நடுங்கும், ஒன்றும் இவருக்குத் தெரியாது. பரிசுத்தவானுக்கு அந்தக் கணக்குப் புரிந்ததே இல்லை. வியாழக்கிழமை ஜாமீனில் வந்த இசக்கிமுத்து வக்கீல் வீட்டிலிருந்து போன் பண்ணி அழுதான். “பாஸ்டரே, என் பிள்ளை மேல சத்தியமா அன்னைக்கு நான் தொடல.” அப்பாடா என்று இருந்தது. உடனே அடுத்த மூச்சில், “நீரு ஊதினதை மட்டும் சொல்லிராதேயும்” என்றான். தொடாதவன் அதற்கு ஏன் பயப்பட வேண்டும்? தொடாவிட்டாலும் பயம் வரத்தானே செய்யும்? இவருக்குந்தான் பயமாக இருக்கிறது, இவர் எதைத் தொட்டார்?

விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, பள்ளிக்கூடத் திருப்பத்தில். டி.வி.எஸ். வண்டியில் வந்த பெண்ணின் மேல் பஸ் ஏறிவிட்டது. சத்துணவு அமைப்பாளர், பெயர் செண்பகவல்லி. ஜனங்கள் ஓடி வருவதற்குள் இசக்கிமுத்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து குதித்து வாழைத்தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். அது புதிதில்லை, அடிக்குப் பயந்து எல்லா டிரைவரும் ஓடத்தான் செய்வான், இவரானாலும் ஓடியிருப்பார். மறுநாள் சாயங்காலம் வக்கீலோடு வந்து ஸ்டேஷனில் ஆஜரானான். அப்போதுதான் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றரை நாள் கழித்து ரத்தத்தில் என்ன இருக்கும்? ஆகக் கடைசியில் செவ்வாய்க்கிழமை காலை அவன் உடம்பில் என்ன இருந்தது என்று சொல்ல உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் துண்டுச்சீட்டு. அதில் மூன்று சைபர்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நவுந்துக்கிடுதியளா?” என்று ஒரு ஆள் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். பெஞ்சு ஆடாமல் நின்றது. முழங்கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டின தடம், ரத்தம் கொடுத்திருப்பான் போலிருக்கிறது. சட்டைக் காலரின் மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்று செருகியிருந்தது. தையல்காரன். “காக்கி போட்டுருக்கியளே, நீங்க அந்த பஸ் கம்பெனியா?” என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் திறந்து, ஆமாம் என்று தலை ஆடிவிட்டது. “நான் ஆவுடையப்பன். அடிபட்டது என் வீட்டுக்காரிதான்.” தேவசகாயம் எழுந்துவிடலாமா என்று பார்த்தார். எழுந்தால் பெஞ்சு சாயும், அவன் விழுவான் என்று ஏனோ தோன்றியது. “எப்படி இருக்காங்க?” என்று கேட்ட குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. “முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ. நெனவு வந்ததும் மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? பிள்ளையளுக்கு முட்டை போய்ச் சேந்துச்சான்னு. அஞ்சு அட்டை முட்டை, பின்னால கெட்டி வச்சிருந்தா. ரோடெல்லாம் மஞ்சக்கருவு.” அவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டான். “இப்ப வேற ஒண்ணு கேக்கா. நான் குறுக்க போயிட்டேனாங்கன்னு. ஒங்க மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. டிரைவர் சுத்தம், மெஷின் பேப்பர் இருக்குன்னாரு. அப்ப தப்பு யாரு மேலன்னு அவளைப் பாத்தே கேட்டாரு அண்ணாச்சி. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. மெஷின் பொய் சொல்லாதுல்லா? ராத்திரி முழுக்க அதையே பொலம்புதா. நான்தான் வந்து விழுந்துட்டேன் போல, பிள்ளையளை ஏத்திக்கிட்டு வந்த பஸ்ஸை நான்தான் கெடுத்துட்டேன் போலன்னு. அவளுக்கே அவ மேல சந்தேகம் வந்துட்டு.”

மெஷின் பொய் சொல்லாது. உண்மைதான், அது பொய் சொல்லவில்லை. இவருடைய மூச்சில் சாராயம் இல்லை என்று சொன்னது, இல்லைதான். போன தை மாதம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் கல்யாண மண்டபத்தில் எல்லா டிரைவரையும் உட்காரவைத்து வண்டி ஆய்வாளர் வகுப்பு எடுத்தார். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம், அதற்கு மேல் இருந்தால் குற்றம். நூறு மில்லி என்றால் ரூத் தேங்காயெண்ணெய் ஊற்றி வைக்கிற சின்னப் பாட்டில், அதில் ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவு. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஜெயில் இரண்டு வருஷம் வரை. லைசென்ஸ் போகும். உயிர்ச்சேதம் ஆனால் கதையே வேறு. இசக்கிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டான், இவர்தான் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கடைசியில் யாரோ சந்தேகம் கேட்க, ஆய்வாளர் சொன்னார்: “குடிச்சவனை ஓட்டச் சொன்னவனுக்கும், தெரிஞ்சே அதுக்குத் துணை போனவனுக்கும் அதே தண்டனைதான் அய்யா.” அதை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார். அன்றைக்கு மூடியது மறந்தே போயிருந்தது, இப்போது அந்த டக் என்ற சத்தத்தோடு திரும்பி வருகிறது. அதே தண்டனை. ஒரு சொட்டு நாக்கில் படாதவனுக்கு அதே தண்டனை என்றால் சபையில் சிரிக்க மாட்டார்களா? சிரிக்க மாட்டார்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள், அது இன்னும் மோசம். கனரக லைசென்ஸ் போனால் ஐம்பத்தோரு வயதில் வேறு என்ன தொழில் தெரியும்? வாட்ச்மேன். சரி, வாட்ச்மேன் வேலைக்குப் போகலாம். ஆனால் ரூத்? கோயிலுக்குப் போகிற வழியில் அவள் இனிமேல் பக்கத்தில் நடந்து வருவாளா, பத்தடி பின்னால் வருவாளா? இல்லை, இதெல்லாம் எதற்கு, செவ்வாய்க்கிழமை ஊதவே இல்லை என்றால்? அப்போது குடிக்காத ஒரு மனுஷனைக் குடிகாரன் என்று காட்டிக்கொடுத்த பாவம் வரும். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். பதினோரு வருஷ டிரைவர் வேலையில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தட்டாதவன். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்று இவர் சொன்னால் சீட்டு பேசும், சீட்டு பேசினால் பழி அந்தப் பெண் மேல்.

“அண்ணாச்சி, சட்டைப் பையில பித்தான் தொங்குது” என்றான் ஆவுடையப்பன். குனிந்து பார்த்தார். காக்கிச் சட்டையின் இடது பை மூடியின் பித்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. “இருக்கட்டும்” என்றார். “உள்ள அதிகாரி முன்னால போவணும்லா. கையில வேலை இல்லாம உக்காந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்கும், ரெண்டு நிமிஷம்” என்று அவன் காலரிலிருந்து ஊசியை உருவிவிட்டான். பக்கத்தில் நகர்ந்து பையைப் பிடித்தான். பிடித்தவன் நிறுத்தினான். “உள்ள என்னமோ நீளமா இருக்கே. எடுத்துக்கிடுங்க, ஊசி சிக்கும்.” பேனா மூடிதான் என்று தேவசகாயம் சொன்னார். சொல்லும்போதே தெரிந்தது, பேனா வலது பையில் இருக்கிறது, மூடியோடு. இந்தச் சட்டையைச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு போடவில்லை. அன்றைக்குச் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்து கழற்றி ஆணியில் மாட்டியது, ரூத் துவைக்க எடுத்தபோது “கெடக்கட்டும், விடு” என்று கோபமாகச் சொன்னது. அவளிடம் கோபமாகப் பேசுவதே கிடையாது, ஏன் பேசினோம் என்று அன்றைக்கே வியந்தது. மூன்று நாளும் மற்ற காக்கியையே போட்டார், இன்று அது வாளியில் நனைந்து கிடக்க, வேறு வழியில்லாமல் இதை எடுத்தார். சொந்தப் பெயருக்கு மட்டும் ஊதுகிற நாளில் குழல் வாளிக்குப் போய்விடும். இன்னொருவன் பெயருக்கும் ஊதுகிற நாளில்தான் ஒரே காலடியில் இரண்டு குழல் விழுவதை யாராவது கவனிப்பார்களோ என்று இரண்டையும் பைக்குள் போட்டுக்கொள்வார். வழியில் ஆற்றுப்பாலம் வந்ததும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை பாலத்தில் எதிரே லாரி வந்ததால் கை ஸ்டியரிங்கை விடவில்லை. திரும்பி வரும்போது எறியலாம் என்று இருந்தார், திரும்பி வருவதற்குள் போன் வந்துவிட்டது. இதெல்லாம் எங்கே போயிருந்தது இத்தனை நாளும்? எங்கேயும் போகவில்லை, கை மட்டும் அந்தப் பையின் பக்கம் போகாமல் இருந்தது. விரலை விட்டு எடுத்தார். இரண்டு வெள்ளைக் குழல். ஒன்றின் முனையில் பல் பட்டு நசுங்கிய தடம், இருமல் வந்தபோது கடித்தது.

“வெளையாட்டுச் சாமானா?” என்று கேட்டுக்கொண்டே ஆவுடையப்பன் குனிந்து தைக்க ஆரம்பித்தான். குழல்கள் உள்ளங்கையில் கனமே இல்லாமல் கிடந்தன. அவனுடைய தலை நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது, தேங்காயெண்ணெயும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாடை அடித்தது. அவன் மூச்சு சட்டை வழியாக இவர் தோலில் சூடாகப் பட்டுப் பட்டுப் போனது. எனக்கு ஒன்றும் தைக்காதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. ஆனாலும் இசக்கிமுத்து குடித்திருந்தானா என்பது இன்னும் தெரியவில்லையே என்று உள்ளே ஒரு குரல் விடாமல் வாதாடியது. ஆமாம், தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியில் இவர் வாயை வைத்து அடைத்துவிட்டார். ஆவுடையப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பித்தானை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, “இனி பிய்யாது அண்ணாச்சி” என்றான்.

“தேவசகாயம் யாரு?” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தார். பின்னால் பெஞ்சு ஒருபக்கம் சாய, ஆவுடையப்பன் காலை ஊன்றிக்கொண்டான். உள்ளே எஸ்.ஐ. அம்மா மேஜைக்குப் பின்னால் இருந்தார், சின்ன வயது, கண்ணாடி. பக்கத்து நாற்காலியில் மேனேஜர், அதே சிரிப்பு. மேஜையில் பிச்சையாவின் நோட்டு விரித்திருந்தது, இரண்டு சீட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தன. “செவ்வாய்க்கிழமை காலையில இசக்கிமுத்துக்கு அடுத்து ஊதினது நீங்கதானே? அவர் ஊதினதை நேர்ல பாத்தீங்களா?” என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். “பாத்தேன்னு சொல்லும் வே” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். “நீங்க சும்மா இருங்க சார்” என்றார் எஸ்.ஐ. தேவசகாயம் கையை நீட்டி இரண்டு குழலையும் நோட்டின் மேல் வைத்தார். ஒன்று உருண்டுபோய் மேனேஜர் பக்கம் நின்றது.

“என்ன இது?”

“மெஷின்ல ஊதுற குழலும்மா. அன்னைக்கு ஊதினது.”

“யாரோடது?”

“ஒண்ணு என்னோடது.”

“இன்னொண்ணு இசக்கிமுத்தோடதா?”

மேனேஜரின் சிரிப்பு நின்றிருந்தது.

“இல்லம்மா” என்றார் தேவசகாயம். “அதுவும் என்னோடதுதான்.”